போன அலை திரும்பி வரும்!

தம்பி, தங்கைகளே... ஒரு கேள்வி கேட்கிறேன். புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொல்லுங்கள், பார்க்கலாம்!

குளத்தில் ஒரு கல்லைப் போடுகிறீர்கள். 'தொபுக்'கென்று சத்தம். வட்டம் வட்டமாக அலை கிளம்புகிறது. விரிந்து விரிந்து படித்துறை வரைக்கும் போகிறது. சரி... அதற்கு அப்புறம் அந்த அலை எங்கே போகிறது?

"கரையில் மோதி அழிந்துவிடும்" என்றுதான் பலரும் சொல்வீர்கள். அது பாதிதான் சரி. புல்லும் சேறுமாகச் சரிந்திருக்கும் மண் கரை என்றால், அலை அதிலே ஏறி அடங்கிவிடும். செங்குத்தான கல் சுவர் என்றால் அடங்காது. மோதும், திரும்பும், வந்த வழியே மறுபடி குளத்துக்குள் போகும். இதைத்தான் 'எதிரொலிப்பு' என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம்.

"இரண்டு மார்க் கேள்விதானே! இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?" என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் எனக்கு மாறுபட்ட கருத்து. காரைக்காலை அடுத்த நெரவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வயலும் வாய்க்காலும். இன்னொரு பக்கம் கருக்களாச்சேரி மீனவர் கிராமமும் வங்காள விரிகுடாவும். இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு, அலை என்பது மார்க்குக்கான பாடம் அல்ல. நீச்சலைப் போல, சாலையைக் கடப்பதைப் போல, உயிரைக் காக்கும் பாடம். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. கண்ணால் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? குளத்துக்கோ, கடலுக்கோ தனியாகப் போக வேண்டாம். வீட்டிலேயே ஒரு கடல் செய்யலாம், வாருங்கள்.

தாம்பாளத்தில் ஒரு கடல்

விளிம்பு உள்ள பெரிய தாம்பாளம் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். தரையில் வைத்து, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அசைவில்லாமல் அடங்கட்டும். இப்போது நட்டநடுவில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

வட்ட அலை விரிந்து விளிம்பைத் தொடும். உடனே அந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி நடுவுக்கே திரும்பி வரும்! போன அலை திரும்பி வருவதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

அடுத்து, ஒரு வேப்பம்பூவை மிதக்கவிட்டு மறுபடி சொட்டு விடுங்கள். அலை பூவைத் தாண்டிப் போகிறது. பூ என்ன செய்கிறது? ஏறுகிறது, இறங்குகிறது. ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் ஓடியது தண்ணீர் அல்ல. தண்ணீர் ஆடியது, ஆட்டம்தான் ஓடியது! காலை வழிபாட்டு வரிசையில் கடைசியில் நிற்கும் குறும்பன் முன்னால் நிற்பவனைத் தள்ளினால், அந்தத் தள்ளல் முதல் ஆள் வரைக்கும் போய்விடும். குறும்பன் என்னவோ கடைசியில்தான் நிற்கிறான். அலையும் இப்படித்தான்.

அலை ஏறி நிற்கும் இடம் முகடு. இறங்கி இருக்கும் இடம் அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். ஒரு விநாடியில் எத்தனை முகடுகள் கடக்கின்றன என்பது அதிர்வெண். இந்த நாலு சொற்களையும் தாம்பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். பிறகு மறக்கவே மறக்காது.

சுவரில் சாய்வாக மோதினால் அலை எந்தப் பக்கம் திரும்பும்? அதற்குப் பதில் கேரம் பலகையில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் எந்தச் சாய்வில் கட்டையில் மோதுகிறதோ, ஏறக்குறைய அதே சாய்வில் மறுபக்கம் திரும்புகிறது அல்லவா? அலைக்கும் அதுதான் சட்டம். படும் கோணம் எவ்வளவோ, திரும்பும் கோணமும் அவ்வளவு. நீர் அலை, ஒலி அலை, ஒளி... எல்லாருக்கும் ஒரே சட்டம்!

கைதட்டினால் பதில் வரும்

குளத்தின் அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதைக் கவனித்துப் பாருங்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும். 'பட்'டென்ற சத்தம் சற்றுப் பிறகு வரும். ஏன்? ஒலி நடந்து வர நேரம் ஆகிறது. காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். குளம் 100 மீட்டர் அகலம் என்றால், சத்தம் வருவதற்கு விநாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகும். மின்னல் வெட்டிய பிறகு இடி கேட்பதும் இதனால்தான். மூன்று விநாடி கழித்துக் கேட்டால், இடி ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது.

ஒலியும் அலைதான். ஆனால் நீர்ப்பரப்பைப் போல மேலும் கீழும் ஆடுவது இல்லை. காற்று நெருங்கியும் விலகியும் முன்னும் பின்னுமாக ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியாதே தவிர, சுவரில் மோதினால் அதுவும் திரும்பி வரும். அதுதான் எதிரொலி.

அறுவடை முடிந்த வயல் ஓரத்தில் பெரிய நெல் கிடங்கு ஏதாவது இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். சுவரிலிருந்து 85 மீட்டர் தள்ளி நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் 85 மீட்டர் போய், 85 மீட்டர் திரும்ப வேண்டும். மொத்தம் 170 மீட்டர். அரை விநாடி கழித்து யாரோ பதிலுக்குக் கைதட்டியது போலக் கேட்கும்!

சுவருக்குப் பக்கத்தில், 17 மீட்டருக்கும் குறைவாக நின்றால் எதிரொலி தனியாகக் கேட்காது. போய்த் திரும்புவதற்குப் பத்தில் ஒரு விநாடிகூட ஆகாது என்பதால், இரண்டு சத்தமும் நம் காதில் ஒன்றாகிவிடும். காலியான கல்யாண மண்டபத்தில் பேசினால் 'கணகண'வென்று கேட்பது இதனால்தான். அதே மண்டபத்தில் ஆட்கள் வந்து நிறைந்ததும் அந்தக் கணகணப்பு குறைந்துவிடும். உடம்பும் துணிமணியும் ஒலியை விழுங்கிவிடுகின்றன. கல் சுவர் அலையைத் திருப்பியது. மண் கரை விழுங்கியது. அதே கதைதான் இங்கேயும்!

சொன்னதை நம்பாத ராமன்

"இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே, நாங்கள் எதற்குச் செய்து பார்க்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி.

காவிரிக் கரைத் திருச்சியில் 1888-ல் பிறந்தவர் சர் சி.வி.ராமன். 1921-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய் வந்தார். 'வானத்தின் நீலத்தைத் தண்ணீர் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது' என்று அந்தக் காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே சொல்லி வந்தார்கள். ராமன் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுக்கக்கூடிய ஒரு சிறிய படிகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். திரும்பி வரும் ஒளி நின்ற பிறகும் கடல் நீலமாகவே இருந்தது! அப்படியானால் நீலம் தண்ணீரின் உள்ளேயிருந்தே வருகிறது என்று கண்டார். அந்தத் தேடல்தான் அவரை 1930-ல் நோபல் பரிசு வரை கொண்டுபோனது. அதே பயணத்தில், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்டச் சுவர் ஓரமாகக் கிசுகிசுக்கும் குரல் எப்படி ஓடுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார்.

கையில் ஒரு சிறு படிகம், பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். உங்களிடம் தாம்பாளம் இருக்கிறது. அப்புறம் என்ன?

ட்ரே சொல்லும் உண்மை

இன்னும் ஒரே ஒரு சோதனை. இதுதான் மிக முக்கியம். நீளமான பிளாஸ்டிக் ட்ரே ஒன்றில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை இரண்டு விரல் அளவு தூக்கி, மெல்ல ஆனால் சட்டென்று இறக்குங்கள். ஓர் அலை எதிர் முனைக்குப் போய், மோதி, திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். ட்ரேயின் நீளம் 60 செ.மீ. என்றால், ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 விநாடி ஆகும்.

இப்போது தண்ணீரை 4 செ.மீ. உயரமாக்கிச் செய்து பாருங்கள். ஏறக்குறைய 2 விநாடிதான்! ஆழம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. ஆழமான தண்ணீரில் இந்த அலை வேகமாக ஓடும். ஆழம் குறைந்தால் மெதுவாகும்.

இந்த ஒரு விதியை ட்ரேயிலிருந்து தூக்கிக் கடலில் வையுங்கள்...

நீங்கள் பிறப்பதற்கு முன், 2004-ம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பயங்கர நிலநடுக்கம். அளவு 9.1. கடலின் அடித்தரை உயர்ந்ததால், அதன் மேலிருந்த தண்ணீர் முழுவதும் தூக்கி எறியப்பட்டது. ட்ரேயின் முனையை நீங்கள் அசைத்தது போலத்தான்!

4 ஆயிரம் மீட்டர் ஆழக் கடலில் அந்த அலை மணிக்கு 700 கி.மீ. வேகத்தில், விமானம் போலப் பறந்தது. ஆனால் நடுக்கடலில் அதன் உயரம் மிகக் குறைவு. மேலே பறந்த செயற்கைக்கோள் அளந்தபோது முகட்டின் உயரம் சுமார் 60 செ.மீ.தான் இருந்தது. அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர். அதனால் அப்போது நடுக்கடலில் இருந்த படகுகளில் அதை உணரக்கூட முடியவில்லை.

கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. 40 மீட்டர் ஆழத்தில் வேகம் மணிக்கு 70 கி.மீ.; 10 மீட்டர் ஆழத்தில் 35 கி.மீ. முன்னால் போகும் தண்ணீர் மெதுவாகிறது. பின்னால் வருவது வேகமாக வந்து முட்டுகிறது. ரயில்வே கேட்டில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்குமே, அதுபோல. பக்கவாட்டில் போக வழி இல்லாததால் தண்ணீர் மேலே எழுந்தது. நிலநடுக்கம் நடந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அந்த அலை நம் சோழமண்டலக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர் என்று கரை முழுக்கக் கண்ணீர். காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. இந்தியாவில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நம் கரையில் இருந்த பெரும்பாலோருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அலையைப் பற்றியும் யாரும் சொல்லித் தரவில்லை.

பத்து வயதுச் சிறுமி

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில் இங்கிலாந்தைச் சேர்ந்த டில்லி ஸ்மித் என்ற சிறுமி பெற்றோருடன் இருந்தாள். வயது 10. கடல் நுரைத்துப் பொங்குவதையும், தண்ணீரின் போக்கு வழக்கம்போல் இல்லாததையும் கவனித்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவளுடைய புவியியல் ஆசிரியர் சுனாமிப் பாடம் நடத்தியிருந்தார். "சுனாமி வருது!" என்று கத்தினாள். கடற்கரையில் இருந்த சுமார் 100 பேர் வெளியேறித் தப்பினார்கள்.

அவள் அதிசயப் பிறவி இல்லை. பாடத்தைக் கண்ணோடு சேர்த்துப் படித்தவள். அவ்வளவுதான்!

'கடல் உள்வாங்கினால் ஓடிவிடு' என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது மட்டும் போதாது. அன்று தாய்லாந்துப் பக்கம் முதலில் போனது அலையின் அகடு. அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. இந்தியப் பக்கம் முதலில் வந்தது முகடு. அதனால் நம் பக்கம் தண்ணீர் முதலிலேயே ஏறி வந்தது. உள்வாங்கட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? முகடு, அகடு என்ற இரண்டு சொற்களின் அருமை இப்போது புரிகிறதா?

திரும்பி வரும்... ஜாக்கிரதை!

இப்போது தாம்பாளத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு சொட்டுதான் விட்டீர்கள். ஆனால் அலை ஒன்றோடு நின்றதா? விளிம்பில் மோதித் திரும்பியது. எதிரே வந்த அலையோடு சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் இன்னும் உயர்ந்தது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று கடந்து தன் வழியே போயின.

கடலுக்கும் விளிம்பு உண்டு. அன்று அந்த அலை இலங்கையைச் சுற்றி வளைந்து கேரளக் கரையையும் தாக்கியது. மாலத்தீவுப் பக்கம் மோதித் திரும்பிய அலைகளும் அங்கே வந்து சேர்ந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சுனாமி என்பது ஒரே அலை அல்ல, அலைகளின் வரிசை. முதல் அலைதான் பெரியது என்ற நிச்சயமும் இல்லை. அடுத்தது பத்து நிமிடத்தில் வரலாம். ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம். பல மணி நேரம் வரை கடல் அடங்காது.

ஆகவே, 'முதல் அலை போய்விட்டது; வலையை எடுக்கலாம், ஆட்டை அவிழ்க்கலாம், வேடிக்கை பார்க்கலாம்' என்று கரைக்குத் திரும்புவதுதான் மிக ஆபத்து. அதிகாரிகள் 'இனிப் பயமில்லை' என்று அறிவிக்கும் வரை திரும்பக் கூடாது. இதை வெறும் உத்தரவாகச் சொன்னால் மறந்துபோகும். தாம்பாளத்தில் பார்த்த பிள்ளை மறக்காது. 'போன அலை திரும்பி வரும்' என்று அதற்குத் தெரியும்.

ஒலி முந்திய கதை

"இப்போதுதான் எச்சரிக்கை மையம் இருக்கிறதே!" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஐதராபாத்தில் 2007-ம் ஆண்டு முதல் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? கடலின் அடித்தரையில் ஒரு கருவி கிடக்கும். தன் மேல் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். ரேடியோ அலை கடல் தண்ணீருக்குள் தூரம் போகாது. அதனால் அந்தக் கருவி, மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலி அலை மூலம் செய்தி அனுப்பும். கடல் தண்ணீரில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் பாயுமே! மிதவை அதை வாங்கிச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து மையத்துக்கு. நீர் அலை வருகிறது என்று கோள் சொல்வது ஒலி அலை!

நம் மீனவர் படகுகளில் உள்ள எக்கோ சவுண்டரும் இதே ஒலியைத்தான் பயன்படுத்துகிறது. ஒலியைக் கீழே அனுப்பும். அது தரையில் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் திரும்பினால், மொத்தம் 150 மீட்டர் பயணம். ஆழம் அதில் பாதி, 75 மீட்டர்.

ஆனால் எவ்வளவு பெரிய மையம் இருந்தாலும், கடைசிச் செய்தி ஊருக்குள் வர வேண்டும். கேட்டவர்கள் நகர வேண்டும். அதற்கு 2004-லேயே புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு கிராமம் உதாரணம் ஆனது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் உடனே வெளியேறினார்கள். ஊரில் உயிர்கள் தப்பின. ஒலி அலை, நீர் அலையை முந்தியது!

என்ன செய்யலாம்?

கடற்கரை ஊர்களின் பள்ளிகளுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரியது அல்ல. அலைப் பாடத்தைக் கரும்பலகையோடு முடிக்காதீர்கள். ஒரு தாம்பாளம், ஒரு ட்ரே, ஒரு வாளித் தண்ணீர் போதும். செலவே இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பாடம் முடிந்ததும், எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக, எந்த மேட்டுக்கு, யாருடன் போக வேண்டும் என்பதை நடத்தியே காட்டுங்கள். டெல்டா மண் தட்டையான மண், மலை கிடையாது. உறுதியான மாடிக் கட்டடம் எது என்பதை முன்பே குறித்து வைக்க வேண்டும்.

"நேரம் இல்லை, பரீட்சைக்குப் பாடம் முடிக்க வேண்டும்" என்பார்கள். ஒரே ஒரு பாடவேளை போதும் என்பேன். அந்த நாற்பது நிமிடத்தில் கற்றதைப் பரீட்சைத் தாளிலும் எழுதலாம். வாழ்நாள் முழுக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, தங்கைகளே... உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தை எடுங்கள். தங்கையை, தம்பியை, பாட்டியைக்கூடப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு சொட்டு விடுங்கள். அலை போகட்டும். "அவ்வளவுதான், முடிந்ததா?" என்று அவர்களிடம் கேளுங்கள். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம் சொல்லுங்கள், ஏன் கரைக்கு அவசரப்பட்டுத் திரும்பக் கூடாது என்று. நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். என்ன, சொல்வீர்கள்தானே?